அத்தையின் ஜாதகத்தில் என் கதை

மூன்றாம் வகுப்பில் எங்கள் டீச்சருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. ஆளுக்கொரு கதைப் புத்தகம் எழுதி, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். வகுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்களாம். புதுத்தாள் வாங்கக் கூடாது, வீட்டில் சும்மா கிடப்பதில்தான் செய்ய வேண்டும்.

வீட்டைக் குடைந்ததில் பீரோவுக்குள் அருமையான நோட்டு ஒன்று அகப்பட்டது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அட்டை. முன்னால் இரண்டு பக்கம் மட்டும் கட்டம் போட்டு ஏதோ எழுதியிருந்தார்கள், மிச்சமெல்லாம் வீணாகக் கிடந்தது. பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். தலைப்பு 'எங்கள் அத்தை'. அப்பாவின் தங்கை அவள், எங்களோடுதான் இருந்தாள்.

உண்மையைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. அத்தை வைத்த குழம்புச் சோற்றை எங்கள் நாய் மோந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குச் சாப்பிடப் போனது. அத்தை நன்றாகக் கிள்ளுவாள். மூன்றாவது மாப்பிள்ளையும் வேண்டாமென்றபோது, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கல்யாணத் தரகர் அந்த நோட்டை வாங்கிக்கொண்டு சித்தையன்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டார். அதுதான் அத்தையின் ஜாதகமாம். நான் அழுத அழுகையில் விஷயம் வெளியே வந்தது. அத்தை கரண்டியோடு துரத்தினாள். "போச்சு, நாலாவதும் போச்சு" என்று அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை டீச்சர் புத்தகத்தைக் கேட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கு டீச்சர்" என்றேன். பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார்.

பத்து நாள் கழித்துத் தரகர் பல்லெல்லாம் தெரிய வந்தார். "பொருத்தம் அமைஞ்சிருச்சுண்ணே. மாப்ள அம்புட்டுப் பக்கத்தையும் படிச்சுட்டாரு" என்று நோட்டைத் திருப்பித் தந்தார். என் கதைக்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தது: 'கதை நன்று. நாய் பிறகு சாப்பிட்டதா? உன் அத்தை இப்போதும் அழுகிறார்களா? மீதியை எழுதி அனுப்பவும்.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாசகர் கிடைத்துவிட்டார்!

நடுவில் ஆடி வந்துவிட்டதால் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினார்கள். அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த ஊக்கம் திண்டுக்கல்லில் வேறெந்தப் பிள்ளைக்கும் கிடைத்திருக்காது. கிள்ளிய அதே அத்தை பென்சில் சீவித் தந்தாள், தாளை ஊசிநூலால் தைத்தாள், காலண்டர் அட்டையை வெட்டி ஒட்டினாள். "செத்த வெரசா எழுது புள்ள, தபால் எடுக்குற நேரமாச்சு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கவரையும் அவளே ஒட்டுவாள். என் ஆறு பக்கத்துக்கு அந்தக் கவர் ஏன் அப்படிப் புடைத்திருந்தது என்று நான் யோசித்ததேயில்லை. நான்கு புத்தகங்கள் எழுதினேன்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு இருவரும் வந்தபோது, ஐந்தாவதை ஆவலோடு நீட்டினேன். மாமா வாங்கி, பிரிக்காமலே ஜன்னலில் வைத்தார். "அப்புறம் பாப்போம்டா தங்கம்" என்றாள் அத்தை. இருவரும் சிரித்தபடி மாடிக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன். நாலாவது புத்தகத்திலேயே என் எழுத்து கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.