எண்ணி முடியாமல் கதவு திறக்காது

அந்த அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் தம்பியின் மனைவி. தம்பியின் ரசிகர்கள் இருவர். ஒருவர் பல் டாக்டர், மற்றவர் பஸ் ஓட்டுநர். பேச்சைப் பதிவு செய்ய வந்த ஒலிப்பதிவாளர். ஆக ஐந்து பேர். ஒருவரைக் கூட்டியோ குறைத்தோ சொல்கிறவர்கள் அங்கே இல்லாதவர்கள். நடந்தது நிஜம். கதை கட்டும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

என் தம்பி 'குடை மறந்தவர்கள்' என்ற பாட்டுக் குழுவை முப்பத்தெட்டு வருடம் நடத்தினான். கொளுத்தும் வெயிலிலும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவார்கள். ஃபிரிட்ஜைப் பற்றி ஒரு பாட்டு. தொலைந்துபோன ஒற்றைச் செருப்பைப் பற்றி ஒரு நீளமான பாட்டு. ரேடியோவில் போடமாட்டார்கள். ஆனாலும் ரசிகர்கள் குறையவே இல்லை. 'நனைந்தவர்கள்' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு, பிள்ளை குட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பாட்டு முடிந்ததும் அரங்கத்தின் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் வரிசையாக ஓர் எண் சொல்ல வேண்டும். கடைசி ஆள் தன் எண்ணைச் சொல்லி, "எண்ணியாச்சு!" என்று கத்த வேண்டும். அதன் பிறகுதான் கதவு திறக்கும். எப்பேர்ப்பட்ட பெரிய மனிதருக்கும் இதில் விலக்கு இல்லை.

தம்பி இறந்து ஒரு வருடம் ஆனபோது, அவனைப் பாராட்டிப் பேசிப் பதிவு செய்ய வேண்டும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கும் அவனுடைய பயிற்சி அறைதான் வேண்டுமாம். சத்தம் வெளியே போகாத அறை. சன்னல் கிடையாது. கனமான ஒரே கதவு. நான் கூடவே உட்காருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கோமாளி என்று யாரும் பதிந்துவிட்டுப் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஒலிப்பதிவாளர் ஆளுக்கொரு சின்ன மைக்கைக் குத்திவிட்டார். எனக்குப் புடவையின் தோள்பக்கம்.

"பல்லு புடுங்கும்போது செருப்புப் பாட்டுதான் போடுவேன். வலிக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் வாய் திறந்ததில்ல" என்றார் டாக்டர்.

"வாயே திறக்கலன்னா எப்படி டாக்டர் புடுங்குனீங்க?" என்றார் ஓட்டுநர்.

தம்பி மனைவி ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்ததில் லேசாக இழுப்பு வந்தது. அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் மாடியில் இருந்தது.

"பேசி முடிச்சாச்சு. சீக்கிரம் எண்ணிட்டுக் கிளம்பிடலாம்" என்றார் டாக்டர். கதவைச் சாத்தினார்கள்.

"ஒண்ணு." ஓட்டுநர்.

"ரெண்டு." டாக்டர்.

"மூணு." ஒலிப்பதிவாளர்.

"நாலு." தம்பி மனைவி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவனுக்கு அக்கா; ரசிகை அல்ல. இந்த விளையாட்டெல்லாம் எனக்கு வழக்கமில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அஞ்சு."

நான் சொல்லவில்லை.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான்கு பேரின் வாயும் எனக்குத் தெரிந்தது. ஒன்றும் அசையவில்லை. ஆண் குரலா, பெண் குரலா... சொல்லத் தெரியவில்லை. வரிசையில் வெகுநேரம் நின்ற ஒருவர், தன் முறை வந்ததும் சொல்வதைப் போல இருந்தது.

ஓட்டுநர் எழுந்து கதவின் கைப்பிடியை அழுத்தினார். அழுந்தியது. கதவு திறக்கவில்லை. தோளால் இடித்தார். தொம்... தொம்...

"இதுக்குப் பூட்டே கிடையாதே" என்றார் ஒலிப்பதிவாளர்.

கைபேசிகளில் சிக்னல் இல்லை. கத்தினோம். அந்த அறையில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? தம்பி மனைவியின் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது. ஹீ... ஹீ... உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. டாக்டர் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தார்.

"ரொம்ப நேரம் தாங்காது. மருந்து வேணும்."

"எண்ணியாச்சு!" என்று கத்திப் பார்த்தார் ஓட்டுநர். கதவு அசையவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னும் சொல்லலம்மா."

"அதான் அஞ்சு சொல்லியாச்சே."

"அது நீங்க சொன்னதா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"அண்ணி..." தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

ஓட்டுநர் மறுபடி ஆரம்பித்தார். "ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நா... லு..."

நான் வாயைத் திறப்பதற்குள்...

"அஞ்சு."

இந்த முறை பக்கத்தில்.

மிகவும் பக்கத்தில்.

கழுத்தில் ஈரக் காற்று பட்டது. நான் திரும்பவில்லை.

"ஆறு" என்றேன்.

கடைசி ஆளாக நானே சொன்னேன்.

"எண்ணியாச்சு."

க்ளிக்.

கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது. அதை யாரும் தொடவில்லை. கதவு திறந்தது. ஓட்டுநர் தம்பி மனைவியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மருந்து கிடைத்தது. பிழைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் ஒலிப்பதிவாளர் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டு தடவையும் அந்த 'அஞ்சு' பதிவாயிருக்கும்மா. மத்த நாலு மைக்லயும் ரொம்ப மெல்லிசா, தூரத்துல கேக்குது."

"என்னோடதுல?"

"உதட்டை மைக்ல வச்சு சொன்ன மாதிரி கேக்குது. ரெண்டாவது தடவை மட்டும் இல்லம்மா..." அவர் தரையைப் பார்த்தார். "மொத தடவையும் அப்படித்தான்."

அந்த அறையைப் பலகை வைத்து அடைத்துவிட்டேன்.

அன்றைக்கு என் தம்பியே வந்து, பிடிவாதக்கார அக்காவுக்காக எண் சொல்லிவிட்டுப் போனான் என்று ரசிகர்கள் பரவசமாகப் பேசிக்கொள்கிறார்கள். வீட்டு வாசலில் மழைக்கோட்டோடு வந்து நின்று கும்பிடுகிறார்கள். அந்தப் பேச்சு தவறு. அவனோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள் அந்தப் பதிவைக் கேட்டாள். அவனுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்த நானும் கேட்டேன். அது என் தம்பி இல்லை.