பத்மாசினியின் வளவில் ஒரு நுளம்பும் பிறக்கவில்லை

பத்மாசினியிடம் நான் எழுபத்தையாயிரம் ரூபா கடன்பட்டிருந்தேன். சண்டை முடிந்து கண்டி வீதி திறந்த அடுத்த வருசம், தன்ரை கையில் கிடந்த இரண்டு பவுண் காப்பைக் கழற்றி விற்று அவள் தந்த காசு அது. அந்தக் காசை முற்பணமாகக் கட்டித்தான் என்ரை முதல் லொறி படலைக்குள் வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கினவன். இன்றைக்கு மூன்று லொறி ஓடுகிறது, மானிப்பாயில் மாடி வீடு நிற்கிறது, ஏரம்பு முதலாளி என்றால் தம்புள்ளைச் சந்தை வரைக்கும் தெரியும். படித்தவர்கள் என்னிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு போவார்கள். நான் ஒருத்தருக்கும் கடன் வைத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. இதுவும் நான் கொடுக்காமல் கிடந்த கடன் இல்லை, அவள் வாங்காமல் கிடந்த கடன். வருசத்துக்கு ஒருக்கா காசை மடியில் கட்டிக்கொண்டு போவேன்.

"உங்களிட்டைக் கிடந்தால் பாங்கிலை கிடக்கிற மாதிரித்தானே அண்ணை. தனுஷாவின்ரை கலியாணத்துக்கு வாங்கிறன். இப்ப தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ" என்று அனுப்பிவிடுவாள்.

அவளின்ரை மனுசன் நவரட்ணம் என்னோடு சந்தையில் மூட்டை தூக்கினவன். நெஞ்சு நோகுது என்று படுத்தவன் எழும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் தையல் மிசினை மிதித்தே மகளை வளர்த்தாள். திருநெல்வேலியில் கம்பஸுக்குப் படிக்க வருகிற பெட்டைகள் எல்லாம் சட்டை தைக்க இவளிடம் பஸ் ஏறி வருவார்கள். தனுஷாவும் அதே கம்பஸுக்குப் போனாள். நாங்கள் ஒரே ஒழுங்கை, எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு வீடுதான்.

இரண்டு மாரிக்கு முன்னம் தனுஷாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாள். துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிற நேரம் டொக்டர் சொன்னாராம்: "இந்த முறை தப்பியிட்டா. இன்னொருக்கா வராமல் பாருங்கோ அம்மா. இரண்டாந்தரம் வாறதுதான் ஆளைக் கொல்லும்."

அந்தக் கிழமை பத்மாசினிக்கும் மேல் சுட்டது. என்ரை மனுசி பார்த்துவிட்டு, நீயும் இரத்தம் குடுத்துப் பார் என்றாள். "எனக்கென்ன அக்கா, பிள்ளைக்குப் பக்கத்திலை முழிச்ச களை" என்று இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு கஞ்சி காய்ச்சினாள். காய்ச்சல் தானாக விட்டது. நாங்களும் மறந்துபோனோம்.

ஆனால் டொக்டர் சொன்ன சொல் அவளின்ரை காதுக்குள்ளேயே நின்றுவிட்டது. தனுஷாவுக்கு இனி ஒருக்கா வரக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு உலகம். மழை விட்டால் போதும், வளவுக்குள் இறங்கிவிடுவாள். சிரட்டை, பொச்சு, யோகட் கோப்பை ஒன்றும் மல்லாக்காகக் கிடக்க விடமாட்டாள். எறும்பு ஏறாமல் சாப்பாட்டு அலுமாரியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கோப்பை வைப்பது எங்கடை வீடுகளில் வழக்கம். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாம்பலைப் போட்டாள். கிணற்றுக்குள் மீன் விட்டாள். டெங்கு நுளம்பு பகலில் காலில்தான் கடிக்குமாம், மகளின்ரை பழைய பள்ளிக்கூடக் காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் மிசின் மிதிப்பாள். நான் சிரித்திருக்கிறேன். "என்ன தங்கச்சி, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டாச்சோ?"

"ஓமண்ணை, நீங்கள் விட்ட இடத்திலை இருந்து படிக்கப் போறன்" என்பாள். வாய்க்காரி.

சுகாதாரப் பரிசோதகர் பிரகாஸ் என்று ஒரு பெடியன் வருவான். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு வரைக்கும் நுளம்புப் புழு கிடக்கோ என்று டோர்ச் அடித்துப் பார்ப்பான்.

"ஒண்டு கண்டால் எனக்கும் காட்டும் தம்பி, பாத்துக் கனகாலம்" என்பாள் அவள்.

"உங்கடை வளவிலை நுளம்புக்கு வாடகைக்கும் இடமில்லை அக்கா" என்று அவன் எழுதிக்கொண்டு போவான்.

என்றாலும் நுளம்பு வந்தது. பக்கத்து வளவிலிருந்து வந்தது.

பக்கத்து வீட்டுக்காரன் கொலின்ஸ் லண்டனில். தகப்பன் தாய் செத்த பிறகு வீட்டுக்கு மேலே மாடி எழுப்பத் தொடங்கினான். பாதியில் மேசன்மாரோடு கொழுவிப்போட்டு, கேற்றைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். பொருத்தாத மூன்று கக்கூஸ் கொமட்டு வெளியிலேயே கிடந்தன. இரண்டு மதில் ஓரம், மூன்றாவது படிக்கட்டுக்குக் கீழே. மழை பெய்தால் மூன்றும் நிரம்பும். பிரகாஸ் கேற்றில் நோட்டீஸ் ஒட்டினான், மழையில் ஊறி விழுந்தது. திரும்பவும் ஒட்டினான். "பூட்டின வீட்டுக்குள்ளை போறதெண்டால் கோட்டுக்குப் போய்த்தான் போகவேணும். வழக்குப் போட்டிருக்கு, தவணைதான் போகுது" என்றான்.

என்னால் முடியாத காரியம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறதென்று நான் அதுவரை நினைக்கவில்லை. கொலின்ஸுக்கு வட்சப்பில் எடுத்தேன்.

"கொலின்ஸ், ஏரம்பு கதைக்கிறன். உன்ரை வளவுக்கை நுளம்பு பெருகிக் கிடக்கு. கேற்றுப் பூட்டின்ரை திறப்பு ஆரிட்டைக் கிடக்கெண்டு சொல்லு. என்ரை பெடியளை விட்டு ஒரு மணித்தியாலத்திலை துப்பரவாக்கித் தாறன். ஒரு சதம் வேண்டாம்."

"நீங்கள் நல்ல மனுசன் அண்ணை. ஆனால் துப்பரவாக்கிறம் எண்டு பூந்துதான் என்ரை மச்சானின்ரை காணிக்குள்ளை ஒருத்தன் வாழை வைச்சவன். இப்ப காணி தன்ரையாம்."

"டேய், உன்ரை இரண்டு பரப்புக் காணியைப் பிடிச்சு நான் என்ன செய்யப்போறன்? அதைப்போலை பத்து என்னட்டைக் கிடக்கு."

"உங்களைச் சொல்லேல்லை அண்ணை. அந்த அக்காவைத்தான் சொல்லுறன். வேலி இருந்த காலத்திலையே அவையளுக்கும் எங்கடை அப்பாவுக்கும் வேலிக் கதியாலைத் தள்ளி நட்ட பிரச்சினை. உந்த நுளம்புக் கதையெல்லாம் எல்லைக்கு வாற கதை."

பத்மாசினி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "உங்கடை ஏணியையும் லொறியிலை கழிக்கிற ஒயிலிலை ஒரு போத்தலும் தாங்கோ அண்ணை" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த நாள் காலமை மதிலில் ஏணியைச் சாத்தி ஏறினாள். மூங்கில் தடியில் அகப்பையைக் கட்டி, ஒயிலை மொண்டு, புழு மூச்சடைத்துச் சாக, ஓரத்தில் கிடந்த இரண்டு கொமட்டுக்குள்ளும் ஊற்றினாள். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதுக்குத் தடி எட்டவில்லை. ஒயிலை எட்டி வீசிப் பார்த்தாள், படவில்லை. அந்த நேரம் ஆளில்லாத வீட்டுக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆரது மதிலிலை?"

கொலின்ஸ் போர்ட்டிக்கோவில் கமரா பூட்டியிருந்தான். லண்டனில் கட்டிலில் கிடந்துகொண்டே போனில் பார்க்கிறான், அதுக்குள்ளால் கதைக்கவும் செய்கிறான்.

"நான்தான் பத்மாசினி. உன்ரை கொமட்டுக்கு ஒயில் ஊத்துறன்."

"இறங்குங்கோ அக்கா! நான் பொலிசுக்கு அடிப்பன்!"

"அடி மேனை. வரேக்கை திறப்பையும் கொண்டு வரச் சொல்லு."

பொலிஸ் வரவில்லை. அடுத்த கிழமை இரண்டு பேர் வந்து கேற்றைத் திறந்து உள்ளே போய், மதில் நீளத்துக்கு முள்ளுக்கம்பி இழுத்தார்கள். பத்மாசினி ஒழுங்கையில் நின்று கெஞ்சினாள். "தம்பியவை, உள்ளுக்கைதானே நிக்கிறியள். அந்தப் படிக்கட்டுக்குக் கீழை கிடக்கிறதை ஒருக்காக் கவிட்டு விடுங்கோ. புண்ணியமாப் போகும்."

அவர்களில் ஒருத்தன் கமராவைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான். "கம்பிக்கு மட்டுந்தான் சொன்னவர் அக்கா. ஒண்டிலையும் கை வைக்க வேண்டாமாம். பாத்துக்கொண்டிருக்கிறார்." வேலை முடிய கேற்றைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்குப் பிறகு அவள் மதில் பக்கம் பார்க்கிறதில்லை. தன்ரை வளவை மட்டும் இன்னும் இறுக்கமாகப் பார்த்தாள், சோதினைக்குப் படித்த தனுஷாவைப் பட்டப்பகலில் நுளம்பு வலைக்குள் இருத்தினாள்.

இந்த மார்கழி மழையோடு பத்மாசினிக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். நான் போய் ஏசினேன்.

"இரத்தம் குடுத்துப் பாரன். வாகனத்தை எடுக்கட்டோ?"

"கலியாண வீட்டுக்காரற்றை மூண்டு பிளவுஸ் கிடக்கண்ணை. அதை முடிச்சிட்டு வாறன். எனக்கு இது முதல்தரந்தானே, பயமில்லை. பிள்ளைக்கு வராமல் பாத்தால் காணும்."

முதல்தரம் என்றுதான் நாங்களும் நம்பினோம்.

பிறகு ஒரு காலமை காய்ச்சல் விட்டிருந்தது. ஒழுங்கையால் போகிற என்னைக் கண்டு கை காட்டினாள். "விட்டிட்டுது அண்ணை! உடம்பு பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு." அந்தக் குளிர்மைதான் பொல்லாதது என்று பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரந்தான் ஆளுக்குள் இரத்தம் உடைகிற நேரமாம். அவள் சுகம் வந்துவிட்டதென்று விளக்குமாற்றோடு வளவுக்குள் இறங்கிவிட்டாள். இரவு பெய்த மழைக்குச் சிரட்டை கவிழ்க்கப் போனவள் கிணற்றடியில் விழுந்து கிடந்தாள். நான்தான் தூக்கினேன். மூட்டை தூக்கிப் பழகின கை, அவளில் ஒரு பாரமும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் செய்யாதது ஒன்றுமில்லை. இரத்தம் ஏற்றினார்கள். டொக்டர் தனுஷாவிடம் கேட்டார், அம்மாவுக்கு முந்தி டெங்கு வந்ததோ என்று.

"எனக்குத்தான் வந்தது. அம்மாவுக்கு இல்லை."

"அம்மாவின்ரை இரத்தத்திலை முந்தி வந்த அடையாளம் கிடக்கு, பிள்ளை."

தனுஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த இரண்டு பனடோல் அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. விடியமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குப் பிறகுதான் கோட்டுக் கடிதம் வந்தது. பிரகாஸும் ஆட்களும் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். படிக்கட்டுக்குக் கீழே கிடந்த கொமட்டுக்குள் நுளம்புப் புழு கொதித்துக்கொண்டிருந்தது. கவிழ்த்துவிட ஒரு ஆளுக்கு அரை நிமிசம் செல்லவில்லை. பிரகாஸ் பத்மாசினியின் வளவையும் சுற்றிப் பார்த்தான். ஒன்றும் இல்லை என்று எழுதினான். கொலின்ஸ் எனக்கு வட்சப்பில் ஒரு கும்பிடு கை அனுப்பியிருந்தான்.

முப்பத்தோராம் நாள் கழிந்து தனுஷா என்னட்டை வந்தாள். கையில் ஒரு புதுப் பூட்டின் திறப்பு.

"கொழும்பிலை வேலை கிடைச்சிருக்கு மாமா. நாளைக்கு ரெயின்."

"வீடு?"

"பூட்டிப்போட்டுப் போறன்."

"வளவை ஆர் பிள்ளை பாக்கிறது? மழை இன்னும் விடேல்லை. திறப்பைத் தந்திட்டுப் போ. நான் பெடியளை விட்டுப் பாக்கிறன்."

அவள் நிலத்தைப் பார்த்தாள். "சித்தப்பா கனடாவிலை இருந்து எடுத்தவர் மாமா. திறப்பை ஒருத்தரிட்டையும் குடுக்க வேண்டாமாம். கமரா பூட்டச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறார்."

ஒழுங்கையில் ஒரு பூட்டின வீடு இருந்தது, நாளைக்கு இரண்டு.

உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். எழுபத்தையாயிரம் இல்லை, இரண்டு பவுணின் இன்றைய விலையை எடுத்து வைத்திருந்தேன். ஏரம்பு காப்பு விற்ற காசை வாங்கினால் காப்பின் விலையைத்தான் திருப்பிக் கொடுப்பான்.

"அம்மா உன்ரை கலியாணத்துக்கெண்டு என்னட்டை விட்டு வைச்சது. கையை நீட்டு."

அவள் திறப்பை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு உள்ளங்கையை விரித்தாள். தையல் ஊசி குத்தின தழும்பு ஒன்றும் இல்லாத கை, தாய் அப்படி வளர்த்திருந்தாள். ஐயாயிரம் ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி அந்தக் கையில் வைத்தேன்.