குனிந்தால் குனியும் கப்பாக்கள்

ஜப்பானில் எங்கள் ஊரான தோனோவில் தமாகியை எல்லோருக்கும் தெரியும், லிஃப்ட் பழுதுபார்ப்பவளாக. ஆற்றில் கப்பா என்ற பூதம் இருப்பதாக அவள் ஒருநாளும் நம்பியதில்லை. பிள்ளைகள் மூழ்கியபோது கரையில் வேலி போடாமல் கப்பாவின் மேல் பழிபோட்ட பெரியவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆனாலும், மூடிப்போன எங்கள் பள்ளிக்கூடத்தின் சுவரில் ஒளியால் பதினேழு கப்பாக்களை நடமாடவிட்டவள் அவள்தான். அந்தக் கண்காட்சியின் வாசல் பலகையில் இருந்ததோ ரியோஹெய்யின் பெயர் மட்டும்.

அவன் எங்கள் வகுப்புத் தோழன், டோக்கியோ ஓவியன். கப்பாக்களை வரைந்தது அவன். எதிரே யாராவது குனிந்து வணங்கினால் கப்பாவும் குனியும். கப்பாவின் உயிரே அதன் உச்சந்தலைக் குழியில் நிற்கும் தண்ணீர்தான்; குனிந்ததும் அது கொட்டிக் கப்பா சுருண்டு விழும். அதன் தலையில் கை வைத்தால் நீர் ஊறி எழுந்து, கை வைத்தவர் பின்னாலேயே போகும். இதையெல்லாம் கணினிக்குக் கற்றுக்கொடுக்க தமாகிக்கு எட்டு மாதம் ஆயிற்று. அவன் பேட்டி வந்த செய்தித்தாளை விரித்து அதில்தான் மீன் முள்ளைத் துப்பினாள்.

ஒத்திகையின்போதே ரியோஹெய்யிடம் ஒரு குறையைச் சொன்னாள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் குனிந்தாலும் கப்பா தனக்கென்றே எடுத்துக்கொள்ளும். சரிசெய்ய ஒரு வாரம் வேண்டும்.

"கலையில தலையிடாத, தமாகி. நீ ஒயரப் பாரு" என்றான்.

வீட்டிலேயே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். "பேரு அவனோடதுதானே? அவனே பாத்துக்கட்டும்" என்றாள்.

திறப்பு விழாவில் நாற்பது விருந்தினர்கள். ஒருவர் குனிய, மற்றவர் இன்னும் தாழக் குனிய, முதலாமவர் மறுபடி குனிய, யாரும் நிறுத்துவதாக இல்லை. கப்பாக்கள் எல்லோருக்கும் பதில் வணக்கம் சொல்லியே காலியாகி, பதினேழும் தரையோடு சுருண்டன. ரியோஹெய் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தான். கூட்டமே பதிலுக்குக் குனிந்தது.

"ஏதாவது பண்ணு" என்று தமாகியின் காதில் கெஞ்சினான்.

"நான் ஒயர் பாக்கிறவ."

அவன் முகம் வெளுப்பதை ஆசை தீரப் பார்த்தாள். ஆனால் எட்டு மாத உழைப்பு செத்துக் கிடப்பதை அவளாலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சுவரோரமாக நடந்து ஒவ்வொரு தலையிலும் கை வைத்தாள். பதினேழும் எழுந்து, அவள் போன பக்கமெல்லாம் தத்தித் தத்திப் போயின. யார் இந்தப் பெண் என்று விருந்தினர்கள் கேட்டார்கள்.

ரியோஹெய் அவளுக்கு நன்றி சொல்லக் குனியப்போனான்.

"குனியாத. மறுபடி விழுந்துடும். வாயால சொல்லு" என்றாள்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இதுங்களுக்கு உயிர் குடுத்தது தமாகிதான்" என்றான்.

மறுவாரம் பலகையில் அவள் பெயரும் ஏறியது. இரண்டு பெயர்களையும் அளவுநாடா வைத்து அளந்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என் எழுத்து அரை விரல் சின்னது."