அக்காவின் மட்டைக்கு நரம்பு தேடிய கதை

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த அஞ்சலி மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். ஆனாலும் அக்காவைப் பற்றி நானேதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். எஹலியகொடவில் ஒண்டியாக நின்று ஹார்ட்வெயார் கடையை எழுப்பியவனுக்கு இது ஒரு வேலையா?

அக்கா தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா சீக்கிரம் போய்விட, என்னைக் குளிப்பாட்டிச் சோறு போட்டு, தானும் படித்து, அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சரானார். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து வந்த முதல் டீச்சர் அவர். முதல் முதலாளி நான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "உன்னைய வளர்த்ததே போதும்டா" என்பார்.

ஐம்பது வயதுக்கு மேல்தான் அவருக்கு டென்னிஸ் பிடித்தது. தோட்டத்துக் கிளப்பின் கோர்ட் புல் மண்டிக் கிடந்தது. தோட்ட மேனேஜர் பெரிய துரையிடம் நேரில் போய்க் கேட்டு, மற்ற டீச்சர்மாரையும் கூட்டிக்கொண்டு போய்த் துப்புரவாக்கினார். பள்ளிக்கூடம் விட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுவார்.

கொஞ்ச காலத்தில் முழங்கை பிடித்துக்கொண்டது. "மட்டை நரம்ப மாத்திப் பாருங்க டீச்சர். அதுக்கும் சரிவராட்டி விளையாட்ட விட்டுடுங்க" என்றார் டாக்டர். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. அம்மா செத்த அன்றுகூட எனக்கு ஊட்டிவிட்டுத் தானும் சாப்பிட்டவர் அவர்.

கம்பி விற்கிறவன் நான், சும்மா இருப்பேனா? கொழும்புக்கு ஆள் அனுப்பி, உலகச் சாம்பியன்கள் போடுகிற பாலியெஸ்டர் நரம்பையே வரவழைத்தேன். டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர்தான் மட்டைக்கு நரம்பு கட்டுகிறவர். "நல்லா இழுத்துக் கட்டுங்க நானா, எந்தக் காலத்துக்கும் அறுந்துபோகக் கூடாது" என்றேன்.

அறுந்துபோகவில்லை. வலிதான் முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறியது.

"இது என்ன வேலிக் கம்பியாடா? பந்து படுறப்ப எலும்புல போய் அடிக்குது" என்றார் அக்கா, நானாவின் கடையில் மட்டையை நீட்டி.

நானா சிரித்தார். "அது வேகமா அடிக்கிற பொடியன்மாருக்கு, முதலாளி. டீச்சருக்கு மெத்துனு இரிக்கணும். மாட்டுக் குடல்ல செஞ்ச நரம்பு ஒன்டு இரிக்கி."

அவர் வாயைப் பொத்தலாமா என்று பார்த்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் அக்கா. மாட்டிறைச்சி வாடையே ஆகாது.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஏன்டா, ஆத்தா திருவிழாவுல அடிக்கிற தப்பு மேளம் என்ன, வாழை இலையிலயா கட்டியிருக்கு? போடச் சொல்லு."

போட்டோம். வலி குறைந்தது. ஆனால் நம்ம ஊர் மழை தெரியாத சாமான் அது. ஈரத்தில் ஊறி ஊறி, ஆட்டத்தின் நடுவில் படீரென்று அறுந்தது.

"ஆத்தாவுக்குப் பிடிக்கலையோ அக்கா?"

"ஆத்தா இல்லடா, மழை."

அதற்குப் பிறகு அக்கா யாரையும் நம்பவில்லை. நானாவின் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நரம்பையும் வளைத்தும் நீவியும் பார்த்தார். மெல்லிய நைலான் இழைகளைச் சேர்த்து முறுக்கிய ஒன்றை எடுத்தார்.

"இறுக்காதீங்க நானா, கொஞ்சம் தளரக் கட்டுங்க."

"பந்து வெளிய பறக்குமே டீச்சர்."

"பறந்தா பொறுக்க என் தம்பி இருக்கான்."

பறக்கத்தான் செய்தது. டவுனே எழுந்து வணக்கம் சொல்லும் முதலாளி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் குனிந்து பந்து பொறுக்கினேன். அக்காவின் அடி பழகியது, முழங்கையும் தேறியது. அதன்பின் எத்தனை முறை மாற்றினாலும் அதே சாதி நரம்பு, அதே தளர்வுதான். பென்ஷனுக்குப் பிறகும் பல வருடம் ஆடினார்.

போன வருடம் காய்ச்சலோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என்னிடம் கையை நீட்டி மடக்கிக் காட்டினார். "பாருடா, முழங்கையில வலியே இல்ல." எங்களுக்குள் நடந்த கடைசிப் பேச்சு அதுதான்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்மார், நர்ஸ்மார், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த லயத்துச் சனம், நானா, கூட ஆடிய டீச்சர்மார் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று பந்தி முடிந்து மழை விட்டால் கோர்ட்டில் ஆட்டம் உண்டு. அக்கா நின்ற பக்கத்தில் நான் நிற்கிறேன். எதிரில் நிற்கிறவர்கள் தோற்கத் தயாராக வரவும்.