வண்டி போன பிறகு கிடைத்த தாள்

கணக்குத் தேர்வின் விடைத்தாள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வண்டி பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஏழாம் அறையில் மேற்பார்வை பார்த்துவிட்டு மேசையை ஒழுங்குபடுத்தப் போன எங்கள் கணக்கு சிஸ்டர், தன்னுடைய எழுதும் அட்டையைத் தூக்கினார். அடியில் ஒரு தாள் கிடந்தது. இரண்டு பக்கமும் எழுதிய கூடுதல் தாள். மேல் மூலையில் என் தேர்வு எண்.

இது எனக்கு அன்று தெரியாது. பட்டப்படிப்பு முடித்த வருடம் பள்ளிக்கூட அட்டெண்டர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். பிறகு அப்போது தலைமை ஆசிரியையாக இருந்த மதரைப் போய்ப் பார்த்தேன், கடைசியில் சிஸ்டரையும் பார்த்தேன். மூன்று பேர் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். எங்காவது தவறாக எழுதியிருந்தால் அது என் பிழை.

சிஸ்டரின் அப்பா லேத் பட்டறைக்காரர். நான்கு பெண்களில் இவர் மூன்றாவது. பத்தொன்பது வயதில் மடத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா கேட்டாராம், "கணக்குல நூத்துக்கு நூறு வாங்கற பொண்ணு எதுக்கும்மா மடத்துக்குப் போற?" அதற்கு இவர், "அங்க போனா கல்யாணம் பண்ணாமலே கணக்குப் போடலாம்பா" என்றாராம். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே தகரத்தை வளைத்து ஒரு டிரங்குப் பெட்டி செய்து கொடுத்தார்.

மடத்தில் முதல் இரண்டு வருடம் புத்தகத்தையே கண்ணில் காட்டவில்லை. தரை துடைக்க விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்து நான்கு ஓடுகள், அதில் ஒன்பது விரிசல் என்று இன்றைக்கும் சொல்கிறார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளும் கொடுத்த பிறகு கல்லூரி, அதன் பிறகு முப்பத்தோரு வருடம் கணக்கு. ஐந்து பள்ளிக்கூடங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம் வரும், ஒரு வாரத்தில் அதே டிரங்குப் பெட்டியோடு கிளம்பிவிடுவார்.

தப்பான கணக்கைச் சிஸ்டர் குறுக்கே அடிக்க மாட்டார். பிழை தொடங்குகிற வரிக்கு மேலே கோடு போட்டு, "இதுவரை சரி" என்று எழுதுவார். அதனால் அவருக்குப் பெயரே அதுதான். யாராவது இரட்டைச் சடையில் ஒன்றை மட்டும் பின்னிக்கொண்டு ஓடிவந்தால் பின்வரிசையிலிருந்து "இதுவரை சரி!" என்று குரல் வரும். சிஸ்டரும் சிரிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. தேர்வில் கூடுதல் தாள் வாங்கினால் அதை முதன்மை விடைத்தாளோடு வெள்ளை நூலால் கட்ட வேண்டும். எழுதியவள் கையால்தான் கட்ட வேண்டும், மேற்பார்வையாளர் தொடக் கூடாது. மாதிரித் தேர்வுகளில் கணக்குக்கு எவ்வளவு நேரம் கொடுப்பாரோ அதில் ஐந்து நிமிடம் முடிச்சுக்கு ஒதுக்குவார். "நீ எழுதினது உன் கையால கட்டினாத்தான் உன்னுது" என்பார்.

அன்று என் கை வியர்த்து நூல் வழுக்கியது. மூன்று கூடுதல் தாள்கள். இரண்டைச் சேர்த்துவிட்டேன். மூன்றாவதை எடுத்தபோது கடைசி மணி அடித்து ஓய்ந்திருந்தது. வாசலில் கட்டு வாங்க வந்தவர் கத்தினார்.

"சிஸ்டர், வண்டி நிக்குது! டிரைவர் என்னைத் திட்டுறான்!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டர் அருகில் வந்தார்.

"குடு. நான் கட்டிக்கிறேன். நீ போம்மா."

முப்பத்தோரு வருடத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறையாம். நான் கொடுத்துவிட்டு ஓடினேன். அவர் தாளை மேசையில் வைத்தார், பறக்காமல் இருக்க அட்டையை அதன் மேல் வைத்தார், நூலை எடுக்கத் திரும்பினார். அதற்குள் வராதவர் பட்டியலில் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டு, விடைத்தாள்களை எண்ணினார். இருபது. சரியாக இருந்தது. கட்டு போய்விட்டது.

தாளோடு அவர் நேராக மதரின் அறைக்குப் போனார். மதர்தான் தலைமை ஆசிரியை, தேர்வு மையத்துக்குப் பொறுப்பு, மடத்துக்கும் தலைவி.

"இது எப்படி வெளிய இருக்கு?"

"என் தப்பு மதர்."

"இது இல்லாம அந்தப் பொண்ணு பாஸாவாளா?"

"மாட்டா. இதுல பதினாலு மார்க் இருக்கு. மிச்சத்தை ஹால்ல நடக்கும்போது பாத்தேன், முப்பதைத் தாண்டாது."

தேற முப்பத்தைந்து வேண்டும்.

மதர் கதவைச் சாத்தினார். "கேளு. இது வெளிய போனா சென்டரை எடுத்துடுவாங்க. அடுத்த வருஷம் முந்நூறு பிள்ளைங்க மூணு பஸ் மாறிப் போய் எழுதணும். பாதிப் பேர் வீட்டுல அனுப்ப மாட்டாங்க. ஒருத்தி மறுபடி எழுதிக்கலாம்."

"அவ எழுத மாட்டா மதர். அவங்கம்மா வேலை பாக்குற தையல் கம்பெனில பட்டன் மிஷின்ல அவளுக்கு இடம் சொல்லி வெச்சிருக்காங்க."

உண்மைதான். அம்மா அதை ஒளிக்கவும் இல்லை. "பாஸானா படி, இல்லன்னா என்கூட வந்துடு" என்று பள்ளிக்கூட வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

"அந்த முந்நூறு பேர்ல எத்தனை பேருக்குப் பட்டன் மிஷின் காத்திருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் மதர்.

மதரைக் கெட்டவராக்கி எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் போட்ட கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தேர்வு அலுவலகத்தில் கட்டுகளைப் பிரிப்பார்கள். எண்களைக் கிழித்துவிட்டு ரகசிய எண் போடுவார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாளையும் எதோடும் சேர்க்க முடியாது. அலுவலகத்துக்கு நாலரை மணி நேரப் பயணம். காலை ஆறரை பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லை. மதரின் அனுமதி இல்லாமல் மடத்தின் படியை இறங்கவும் முடியாது.

காலைத் திருப்பலி முடிந்ததும், ஆறு மணி பத்து நிமிடத்துக்குச் சிஸ்டர் மதரின் அறை வாசலில் நின்றார். தனியாக வரவில்லை. சமையல் பொறுப்புச் சிஸ்டரையும், நோயாளிகளைப் பார்க்கும் சிஸ்டரையும் கூட்டி வந்திருந்தார்.

மடத்தில் தினமும் ஆயிரம் கட்டளை உண்டு. போ, வா, வேண்டாம், இதைக் கழுவு. அதெல்லாம் சாதாரணம். ஆனால் தலைவி இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், "கீழ்ப்படிதல் வார்த்தைப்பாட்டின் பெயரால் கட்டளையிடுகிறேன்" என்று சொல்லிவிட்டால், அதை மீறுவது கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மீறுவது. அந்த வாக்கியத்தைச் சிஸ்டர் புத்தகத்தில் படித்திருந்தாரே தவிர, யார் வாயிலும் கேட்டதில்லை.

"ஆபீசுக்குப் போக அனுமதி வேணும் மதர். கூடாதுன்னா அந்த வாக்கியத்தைச் சொல்லிடுங்க. சாட்சியும் கூட்டிட்டு வந்திருக்கேன். சொன்னா தாளை உங்க மேசைல வெச்சுட்டு வகுப்புக்குப் போயிடறேன். சாகற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்."

"என்னை மிரட்டுறியா?"

"இல்ல மதர். கேக்கறேன்."

சமையல் சிஸ்டருக்கு விஷயம் எதுவும் தெரியாது. ஈரக் கையை முந்தியில் துடைத்துக்கொண்டே, "எனக்கு அடுப்புல பால் இருக்கு. சொல்றதுன்னா சீக்கிரம் சொல்லிடுங்க மதர்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆறு பதினைந்து. ஆறு பதினெட்டு. மதர் இரண்டு முறை வாயைத் திறந்தார். ஒரு முறை "கீழ்ப்படிதல்" என்ற சொல் வரைக்கும் வந்துவிட்டதாம். சிஸ்டர் தாளை மேசைப் பக்கம் நீட்டியபடியே நின்றார். வாங்கியிருந்தால் கொடுத்திருப்பார். சமையலறையிலிருந்து பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தது.

"வானம் இருட்டிட்டு இருக்கு," என்றார் மதர். "குடையை எடுத்துட்டுப் போ."

அட்டெண்டர் அண்ணன் சைக்கிளில் முன்னால் போய்ப் பஸ்ஸை நிறுத்தி வைத்தாராம். "டிரைவர் திட்டினான். உள்ள இருந்து சாமியே வருதுடா, கொஞ்சம் பொறுன்னேன்" என்று என்னிடம் சொன்னார்.

அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்போது பதினொன்று பத்து. இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு அனுப்பினார்கள். ஒரு குமாஸ்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாள் மட்டும் தனியா வந்திருக்கே, கோவிச்சிட்டுப் பிரிஞ்சிடுச்சா?" என்றார். பதினொன்று முப்பத்தைந்துக்குத்தான் அதிகாரி உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க கொண்டு வரலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே சிஸ்டர்?"

"தெரியாது சார்."

"அப்புறம் ஏன்?"

"பதினாலு மார்க்குக்கு எழுதியிருக்கா சார்."

அதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார். "ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும். சென்டர் தப்புன்னு எழுதினா, சென்டரை ரத்து பண்ணுவாங்க. உங்க தப்புன்னு எழுதினா, சென்டருக்கு ஒண்ணும் ஆகாது. உங்க பேரை ஆசிரியர் பதிவுல இருந்து எடுத்துடுவாங்க. நாளைக்கே இல்ல, ஆனா எடுத்துடுவாங்க. அப்புறம் எந்த ஸ்கூல்லயும் நீங்க பாடம் நடத்த முடியாது."

"எழுதினா தாளைச் சேப்பீங்களா?"

"பன்னெண்டுக்குள்ள எழுதினா சேப்பேன்."

பாடம் நடத்தத்தான் அவர் அந்த மடத்துக்கே வந்தார். அதை யோசித்தீர்களா என்று கேட்டேன். "சுவத்துல கடிகாரம் இருந்துச்சு. எழுதிட்டு அப்புறம் யோசிச்சுக்கலாம்னு நெனச்சேன்" என்றார். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார். ஊழியர் ஒருவர் கட்டைப் பிரித்து என் விடைத்தாளை எடுத்து வந்தார். சிஸ்டரைத் தொட விடவில்லை. அவர்களே துளை போட்டுக் கட்டினார்கள்.

எனக்கு நாற்பத்தொன்று வந்தது.

அதற்குள் சிஸ்டருக்கு மாற்றல் கடிதம் வந்து, அவர் போய்விட்டார். என் மார்க்கைக் கூடக் கேட்காமல் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தை ஆணியடித்து மாட்டியபோது நான் அவரை நினைக்கவே இல்லை. முந்நூறு பேரின் மையம் போகாமல் இருந்ததும் அவர் எழுதிக்கொடுத்த ஒரு வரியால்தான். என்னைக் கேட்டிருந்தால், வேண்டாம் சிஸ்டர், உங்கள் வகுப்பை விடாதீர்கள் என்று சொல்லியிருப்பேனா? பல நாள் யோசித்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது அவர் வயதான சிஸ்டர்கள் இருக்கும் இல்லத்தில் துணிமணி, மருந்துப் பொறுப்பில் இருக்கிறார். நான் போனபோது கொடியிலிருந்து எடுத்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"வகுப்பு ஞாபகம் வருமா சிஸ்டர்?"

"காலைல ஒன்பதரைக்குக் கை அரிக்கும். பதினொண்ணுக்குச் சரியாயிடும்."

இரண்டு விரிப்புகள் மடித்தோம். கேட்க வந்ததைக் கேட்டேன்.

"மதர் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தா?"

"தாளைக் குடுத்திருப்பேன்."

"நான் ஃபெயிலாகியிருப்பேன்."

"ஆமா."

"பட்டன் மிஷின்ல உக்காந்திருப்பேன்."

"உக்காந்திருப்ப." அவர் விரிப்பை உதறி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தார். "அவங்க சும்மா 'வேண்டாம், போகாத'ன்னு சொல்லியிருந்தாக்கூட போகாம நின்னிருப்பேன். அந்தப் பயத்துலதான் சாட்சிக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போனேன். சாட்சி முன்னால அந்தப் பெரிய வாக்கியத்தைத்தான் சொல்லணும்னா கஷ்டப்படுவாங்கன்னு தெரியும்."

நன்றி சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். கூடையில் இன்னும் ஆறு விரிப்புகள் இருந்தன. அவர் அடுத்ததன் முனையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.