ஒரு நாள் விடுப்பு

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்களுக்கு ஜப்பான் மொழி சொல்லிக்கொடுத்தவர், சித்திரை வெயிலிலும் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். கையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நாங்கள் பேசும்போது அதை எங்கள் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். சொந்தத் துக்கத்தைச் சொல்லும்போது லேசாகச் சிரிக்க வேண்டும், கேட்பவரைச் சங்கடப்படுத்தக் கூடாது, அதுதான் அந்த ஊர் மரியாதை என்பார்.

ஒரு நாள் எனக்கு வந்த வாக்கியம்: "என் அம்மா இறந்துவிட்டார். தயவுசெய்து ஒரு நாள் விடுப்பு தாருங்கள்."

"சார், வேற குடுங்க. எங்கம்மா பரவை மார்க்கெட்ல காய் வித்துக்கிட்டு நல்லாத்தான் இருக்காங்க."

"இருக்கும்போதே பழகிக்க மாப்ள. போனப்புறம் நாக்கு புரளாது. சொல்லு."

சொன்னேன். குனிந்தது போதாது என்றார். பிறகு சிரிப்பு போதாது என்றார். பதினோரு தடவை அம்மாவைக் கொன்ற பிறகுதான் கண்ணாடியை இறக்கினார். அவள் கட்டிக்கொடுத்திருந்த எலுமிச்சைச் சோற்றை அன்று அப்படியே திருப்பிக் கொண்டுபோனேன். இவரெல்லாம் ஒரு மனுசனா என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து, ஜப்பானில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் இருந்தபோது, அம்மா போய்விட்டாள் என்று தம்பி போன் செய்தான். மேலாளர் முன்னால் போய்க் குனிந்து, லேசாகச் சிரித்து, அதே வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன்.

"உங்கள் ஜப்பான் மொழி மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார் அவர். ஒரு நாள் விடுப்பும் கொடுத்தார். ஒரு நாளில் மதுரைக்குப் போய்வர முடியாது.

கழிவறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று மட்டும் சார் சொல்லித் தரவில்லை.