கோடு சைபரை வெட்டிய நேரம்

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். காலை ஒன்பது மணிக்கு ஐ.எல்.ஆர். மூடியைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே தெர்மாமீட்டர் மைனஸ் நான்கு காட்டியது.

ஐ.எல்.ஆர். என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டி. பிளஸ் இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் அது நிற்க வேண்டும். சைபருக்குக் கீழே போனால், குழந்தைகளுக்கு ஐந்து நோய்களுக்காகப் போடும் பென்டா போன்ற மருந்துகள் உறைந்து வீரியம் இழந்துவிடும். மலையடிவாரத்தில் இருந்த எங்கள் நிலையத்தில் நான் பார்மசிஸ்ட். பெட்டி என் பொறுப்பு.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். ஆனால் பதறமாட்டார்.

"காலைல மருந்து வெளிய போயிருக்கா?"

"கையில தூக்கிட்டுப் போற சின்னப் பெட்டி ஒண்ணு போயிருக்குங்க மேடம். செல்வி சிஸ்டர் சித்தேரி மலைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"உடனே போன் போடுங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு ஊசிகூடப் போடக் கூடாது."

மலையில் பள்ளிக்கூட மைதானத்தின் ஒரு மூலையில்தான் சிக்னல் கிடைக்கும். நல்லவேளை, செல்வி சிஸ்டர் அங்கேதான் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், இருபத்திரண்டு கொழந்தைங்க வந்திருக்குதுங்க. ரெண்டு பேரு விடியக்காலைல கெளம்பி காட்டு வழியா நடந்தே வந்திருக்காங்க. போன மாசமும் மழைன்னு திருப்பி அனுப்பிட்டோம். இப்பவும் திருப்புனா, அப்புறம் ஊசின்னா ஒருத்தரும் வூட்ட விட்டு வரமாட்டாங்க."

"என்ன சிஸ்டர் பண்றது? இங்க மைனஸ் நாலு."

"அது இப்பங்க சார். பெட்டி கெளம்புறப்ப எவ்வளவு இருந்துச்சு?"

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். பெட்டி கட்டும்போது ஐ.எல்.ஆர். தெர்மாமீட்டரைப் பார்த்து அதில் எழுத வேண்டும். முதல் பஸ் ஹாரன் அடித்த அவசரத்தில் அன்று நான் பார்க்கவே இல்லை. அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது.

"லாகர் இருக்குதில்லைங்க? கிராப்பப் பாருங்க" என்றார் சிஸ்டர்.

ஐ.எல்.ஆருக்குள் இருக்கும் டேட்டா லாகர் என்ற சின்னக் கருவி வெப்பநிலையைத் தானாகவே பதிந்துகொள்ளும். அதைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். படுக்கை அச்சில் மணி, நிற்கும் அச்சில் டிகிரி, நடுவில் சைபரில் ஒரு தடித்த கோடு. இரவு முழுக்கக் கரண்ட் இல்லை. நான்கு மணிக்குக் கரண்ட் வந்தபோது ஆறு டிகிரி. அங்கிருந்து வெப்பநிலைக் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக இறங்கிவந்து மைனஸ் நான்கில் நின்றது. என் கண் அந்த மைனஸ் நான்கை விட்டு நகரவில்லை.

"சார், கோடு எதுவரைக்கும் பாசிட்டிவ்வா இருக்குது?"

"ஆறு டிகிரியிலருந்து சைபர் வரைக்கும் சிஸ்டர்."

"டிகிரி கேக்கலைங்க சார், மணி கேக்குறேன்! என் பொண்ணும் இப்பிடித்தான், பத்தாவது கணக்குல நிக்கிற அச்சு நம்பரையே எழுதி வெப்பா. கோடு சைபர எந்த எடத்துல வெட்டுதோ, அங்கருந்து கீழ மணியப் பாருங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். வெட்டும் இடத்தில் விரல் வைத்தேன். ஏழு மணி. அதற்கு முன்னால் இருந்த நேரமெல்லாம் கோடு சைபருக்கு மேலே. ஏழுக்குப் பிறகு முழுக்கக் கீழே.

ரிஜிஸ்டரில் பெட்டி வாங்கியதற்கு சிஸ்டர் கையெழுத்துப் போட்டு மணியும் எழுதியிருந்தார்: ஐந்து நாற்பத்தைந்து. அந்த நேரத்தில் கோடு இரண்டரை டிகிரியில் இருந்தது. பெட்டி கிளம்பி ஒன்றேகால் மணி நேரம் கழித்துத்தான் இங்கே சைபர்!

"லாகர்ல கடிகாரம் சரியா ஓடுதா?" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அது தோன்றவே இல்லை. என் போனோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு நிமிடம்தான் வித்தியாசம். அவர் போனை வாங்கி, "சிஸ்டர், உங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆரம்பிங்க" என்றார். மறுமுனையில் சிஸ்டர் யாரிடமோ, "பேரச் சொல்லிட்டு வரிசைல வாங்க!" என்று குரல் கொடுத்தது கேட்டது.

ஐ.எல்.ஆரில் மீதியிருந்த மருந்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. உறைந்திருக்கிறதா என்று குலுக்கிப் பார்க்கும் ஷேக் டெஸ்ட் செய்தோம். பென்டா குப்பிகளில் மருந்து திரிதிரியாகப் பிரிந்து சீக்கிரம் அடியில் படிந்தது. அத்தனையையும் தனியே ஒதுக்கி, மாவட்ட ஸ்டோருக்குத் தகவல் சொன்னோம். மெக்கானிக் வந்து பார்த்து, தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டதால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடியிருக்கிறது என்றார். மிஷின் கெட்டது என் தவறில்லை. காலியாக விட்ட கட்டம் என் தவறு. விளக்கக் கடிதத்தில் இரண்டையும் எழுதினேன். படித்துவிட்டு டாக்டரம்மா, "ரெண்டாவது பாராவ நீங்க எழுதாம விட்டிருந்தா நான் எழுத வேண்டியிருந்திருக்கும்" என்றார்.

மத்தியானம் சிஸ்டரிடமிருந்து போன்.

"இருபத்திரண்டும் முடிஞ்சுதுங்க சார். அழுவாதது ஒண்ணே ஒண்ணு. அதுவும் தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிராப் கையில் வந்ததும் கோட்டின் கடைசிப் புள்ளியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய மணிக்குக் கோடு சைபருக்கு மேலா, கீழா என்று பாருங்கள். பஸ் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், அதைப் பெட்டி கட்டுவதற்கு முன்பே பாருங்கள்.